மூன்று நாள் செலவு, ஓராண்டுக் கல்வி: இங்கிலாந்தின் பராமரிப்புப் பிள்ளைகளின் கணக்கு

பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளையை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால், அந்தப் பிள்ளையின் படிப்புக்கும் அரசுதான் பதில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இது சட்டப்படியான கடமை. 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் இத்தகைய பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடம் கொடுத்தது. 2004-ஆம் ஆண்டுச் சட்டம், அவர்களுடைய கல்வித் தேர்ச்சியை உயர்த்துவதும் அதே மன்றங்களின் கடமை என்று சேர்த்துச் சொன்னது. அந்நாட்டுக் கல்வித் துறை இப்பிள்ளைகளைப் பற்றிய எண்களை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. செலவின் எண்களும் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பணம் ஓரிடத்திலும் படிப்பு வேறோரிடத்திலும் நிற்பது தெரிகிறது.

தொகைகள் எல்லாம் பவுண்டில் உள்ளன. ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எத்தனை பிள்ளைகள்?

2024 மார்ச் 31 அன்று இங்கிலாந்தில் அரசுப் பராமரிப்பில் இருந்த பிள்ளைகள் 83,630 பேர். 18 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு 10,000 பேரிலும் 70 பேர். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பராமரிப்புக்கு வந்ததற்கு முதன்மைக் காரணம் வன்கொடுமை அல்லது கவனிப்பாரற்ற நிலை. 7,380 பேர் பெற்றோர் துணையின்றிப் புகலிடம் தேடி அந்நாட்டுக்கு வந்த சிறார்.

மூன்றில் இரு பங்கினர் வளர்ப்புக் குடும்பங்களில் வாழ்கிறார்கள். மற்றவர்களில் ஒரு பகுதியினர் சிறார் இல்லங்களிலும், பதின்ம வயதின் முடிவில் இருப்போர் சிலர் உதவியுடன் கூடிய தனி விடுதிகளிலும், இன்னும் சிலர் அரசின் மேற்பார்வையில் சொந்தப் பெற்றோரிடமும் இருக்கிறார்கள்.

நாட்டின் மொத்தச் சிறாரில் இவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இவ்வளவு சிறிய கூட்டத்தின் கல்வியைச் சரிசெய்வது ஒரு பணக்கார நாட்டுக்கு எட்டாத வேலை அல்ல. ஆகவே அடுத்து வரும் எண்களுக்கு வசதியின்மையைக் காரணம் காட்ட முடியாது.

மதிப்பெண் கணக்கு

2020-இலும் 2021-இலும் கொரோனாவால் வழக்கமான தேர்வுகள் நடக்கவில்லை. ஆகவே அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். 11 வயதில், தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டில், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் எதிர்பார்க்கப்படும் நிலையை எட்டியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது இது. குறைந்தது ஓராண்டாவது தொடர்ந்து பராமரிப்பில் இருந்த பிள்ளைகள் மட்டுமே இதில் எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

2016: பராமரிப்பில் உள்ளோர் 25, மற்றவர்கள் 54. இடைவெளி 29.
2017: பராமரிப்பில் உள்ளோர் 32, மற்றவர்கள் 61. இடைவெளி 29.
2018: பராமரிப்பில் உள்ளோர் 35, மற்றவர்கள் 65. இடைவெளி 30.
2019: பராமரிப்பில் உள்ளோர் 37, மற்றவர்கள் 65. இடைவெளி 28.

2016-இல்தான் புதிய, கடினமான தேர்வுமுறை வந்தது. பள்ளிகள் அதற்குப் பழகப் பழக எல்லோருடைய எண்ணும் ஏறியது. பராமரிப்புப் பிள்ளைகளின் எண்ணும் சேர்ந்து ஏறியது. 25 என்பது 37 ஆனதை மட்டும் எடுத்துச் சொன்னால் அது பெரிய வெற்றியாகத் தோன்றும். இடைவெளியைப் பார்த்தால், நான்கு ஆண்டில் ஒரே ஒரு புள்ளிதான் குறைந்திருக்கிறது.

16 வயதில் ஜிசிஎஸ்இ தேர்வு. இதில் ஒரு மாணவரின் எட்டுப் பாடங்களைக் கூட்டி ஒரே எண்ணாக்குகிறார்கள். ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் இரட்டை மதிப்பு என்பதால் மொத்தம் பத்துப் பங்கு. ஒவ்வொன்றிலும் உச்சம் 9. ஆக முழு எண் 90. 2019-இல் பராமரிப்புப் பிள்ளைகளின் சராசரி 19.1. மற்றவர்களின் சராசரி 44.6.

இதைப் பத்தால் வகுத்துப் பார்த்தால் பொருள் விளங்கும். மற்ற பிள்ளைகள் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 4.5 எடுக்கிறார்கள். பராமரிப்பில் உள்ளோர் எடுப்பது 1.9. அங்கே 4 என்பதுதான் தேர்ச்சி. எழுதாத பாடத்துக்குச் சுழியம். அதனால், குறைவாக மதிப்பெண் எடுத்தவர்களின் கணக்கோடு, போதிய பாடங்களில் தேர்வுக்கே அமராதவர்களின் கணக்கும் இந்த 1.9-க்குள் இருக்கிறது.

குறை எங்கே தொடங்குகிறது?

இந்த எண்களைப் பார்த்ததும், "பராமரிப்பில் வைத்ததால்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்" என்று முடிவுகட்டத் தோன்றும். அது அவசர முடிவு. மூன்று எண்களை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சிறப்புக் கல்வித் தேவை. 2019-இல் பராமரிப்புப் பிள்ளைகளில் 55.9 சதவீதத்தினருக்கு இத்தகைய தேவை இருந்தது. எல்லா மாணவரையும் எடுத்தால் 14.9 சதவீதம். சட்டப்படியான முழு உதவித் திட்டம் வேண்டிய அளவுக்குத் தேவை உள்ளவர்கள் பராமரிப்பில் நூற்றுக்கு 27 பேர். பொதுவில் 3 பேர்.

இரண்டாவது, ஒப்பீட்டுக்கான சரியான குழு. வீட்டிலேயே இருந்தபடி சமூகப் பணியாளரின் கண்காணிப்பில் வளரும் பிள்ளைகள் பலர் உண்டு. அவர்களுடைய குடும்ப நெருக்கடியும் ஏறத்தாழ இதே போன்றதுதான். 2019 ஜிசிஎஸ்இ-யில் அவர்களின் சராசரியும் 19 அளவிலேயே இருந்தது. துன்பப்பட்ட வீட்டில் தங்கியவர்களும், அங்கிருந்து மீட்கப்பட்டவர்களும் 16 வயதில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

மூன்றாவது, பராமரிப்பின் நீளம். ஆக்ஸ்ஃபோர்டு, பிரிஸ்டல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஜூடி செப்பா, டேவிட் பெர்ரிட்ஜ் முதலிய ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, நீண்ட காலம் பராமரிப்பில் இருந்த பிள்ளைகள், சிறிது காலமே இருந்தவர்களைவிடவும், வீட்டிலேயே கண்காணிப்பில் வளர்ந்தவர்களைவிடவும் நன்றாகப் படித்தார்கள் என்று காட்டியது.

மூன்றையும் சேர்த்தால் கிடைக்கும் செய்தி இது: காயம் வீட்டிலேயே ஏற்பட்டுவிட்டது, பராமரிப்பு அதை ஆற்றும் வல்லமை கொண்டது, ஆனால் ஆறுவதற்குப் பிள்ளை ஓரிடத்தில் இருக்க வேண்டும். அந்த இருப்பைத்தான் இந்த அமைப்பு கொடுக்கத் தவறுகிறது.

இடமாற்றத்தின் விலை

அதே 2015 ஆய்வு, இடமாற்றம் எத்தனை மதிப்பெண்ணோடு தொடர்புடையது என்றும் அளந்தது. பிள்ளையின் முந்தைய கல்வி நிலை, குடும்பப் பின்னணி முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின் கிடைத்தவை இவை:

11 வயதுக்குப் பின் தங்குமிடம் மாறும் ஒவ்வொரு முறைக்கும்: ஜிசிஎஸ்இ-யில் மூன்றில் ஒரு தர நிலை குறைவு.
அனுமதியின்றிப் பள்ளிக்கு வராத நாட்கள் ஒவ்வொரு 5 சதவீதத்துக்கும்: இரண்டு தர நிலைக்கு மேல் குறைவு.
ஜிசிஎஸ்இ-க்குத் தயாராகும் பத்தாம், பதினோராம் ஆண்டில் பள்ளி மாறினால்: ஐந்து தர நிலைக்கு மேல் குறைவு.
தேர்வுக் காலத்தில் வளர்ப்புக் குடும்பத்திலோ உறவினர் வீட்டிலோ இல்லாமல், சிறார் இல்லத்திலோ வேறு விடுதியிலோ இருந்தால்: ஆறு தர நிலைக்கு மேல் குறைவு.

இவற்றைக் காரணம்–விளைவு என்று நேராகக் கூட்டிவிட முடியாது. அதிகம் இடம் மாறும் பிள்ளைதான் அதிகம் நொந்த பிள்ளையாகவும் இருக்கும். சிறார் இல்லத்துக்கு அனுப்பப்படுவோரும் அப்படித்தான். ஆனாலும் எண்களின் ஒப்பளவைப் பாருங்கள். வீடு மாறுவதைவிடப் பள்ளி மாறுவது பதினைந்து மடங்கு பெரிய இழப்போடு இணைந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு கல்வியாண்டு 190 நாட்கள். அதில் 5 சதவீதம் என்றால் ஒன்பதரை நாள். புதிய ஊரில் புதிய பள்ளி கிடைக்கும்வரை வீட்டில் காத்திருக்கும் பிள்ளைக்கு இரண்டே வாரத்தில் அத்தனை நாள் போய்விடும். அது அனுமதியின்றி எடுத்த விடுப்பாகப் பதிவாகாவிட்டாலும் பாடம் போனது போனதுதான்.

2024-இல் முடிந்த ஓராண்டில், பராமரிப்பில் இருந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தங்கியிருந்தார்கள். அதாவது ஏறத்தாழ 8,000 பிள்ளைகள். ஐந்தில் ஒருவர் சொந்த வீட்டிலிருந்து 20 மைலுக்கு அப்பால், அதாவது 32 கிலோமீட்டருக்கு அப்பால், வைக்கப்பட்டிருக்கிறார். அவ்வளவு தூரம் போனால் பழைய பள்ளியைத் தக்கவைப்பது கடினம்.

இத்தனை தூரம் ஏன் அனுப்புகிறார்கள்? இடம் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் பிள்ளையை வைக்க முடிகிறது. போதிய வளர்ப்புக் குடும்பங்கள் இல்லை. சிறார் இல்லங்களில் பத்தில் எட்டுக்கு மேல் தனியார் நடத்துபவை. வீட்டு விலை மலிவான பகுதிகளில் இல்லம் திறப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. நாட்டின் மொத்த இல்லங்களில் கால் பங்கு வடமேற்கு இங்கிலாந்தில் குவிந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். லண்டனில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு இல்லம் மட்டும் லங்காஷயரில் கிடைத்தால், லண்டன் பள்ளி அன்றோடு முடிந்தது.

இதற்கு எதிரான விதி இல்லாமல் இல்லை. 2010-ஆம் ஆண்டின் பராமரிப்புத் திட்ட விதிகளின்படி, ஜிசிஎஸ்இ-க்குத் தயாராகும் இரண்டு ஆண்டுகளில் படிப்பைக் குலைக்கும் இடமாற்றத்துக்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிய அதிகாரி ஒப்புதல் தர வேண்டும். இடத்துக்குப் போட்டி உள்ள அரசுப் பள்ளிகளிலும் சேர்க்கையில் இப்பிள்ளைகளுக்கே முதல் உரிமை. தாளில் எல்லாம் இருக்கிறது. கையில் மாற்று இடம் இல்லாத அதிகாரி ஒப்புதல் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு என்ன செய்வார்?

பணம் எங்கே போகிறது?

2023-24-இல் உள்ளாட்சி மன்றங்கள் பிள்ளைகளை இல்லங்களில் தங்கவைக்கச் செலவிட்டது 310 கோடி பவுண்டு. ஒரு பிள்ளைக்குச் சராசரி ஆண்டுச் செலவு 3,18,400 பவுண்டு. இது அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025-இல் வெளியிட்ட கணக்கு. விலைவாசி உயர்வைக் கழித்த பின்னும், ஐந்தே ஆண்டில் மொத்தச் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கிறது. நாள் கணக்கில் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு 872 பவுண்டு.

அதே பிள்ளையின் கல்விக்கென்று தனியாக வரும் பணம் "பியூப்பில் பிரீமியம் பிளஸ்". பள்ளிக்கு எல்லா மாணவருக்காகவும் வரும் வழக்கமான நிதிக்கு மேல் கிடைப்பது இது. 2024-25-இல் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,570 பவுண்டு. 2014 முதல் ஒவ்வொரு மன்றமும் தன் பராமரிப்புப் பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்க "வர்ச்சுவல் ஸ்கூல் ஹெட்" என்ற பொறுப்பாளரை நியமித்தாக வேண்டும். இந்தப் பணம் அவர் கையில் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதப்படும் தனிக் கல்வித் திட்டத்தின்படி அவர் அதைப் பகிர்ந்தளிப்பார்.

2,570-ஐ 872-ஆல் வகுத்தால் 2.9. ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கூடுதல் கல்விப் பணம், அந்தப் பிள்ளை இல்லத்தில் மூன்று நாள் தங்கும் செலவுக்கும் ஈடாகவில்லை.

வேறொரு விதமாகவும் பார்க்கலாம். பராமரிப்பில் உள்ள 83,630 பேருக்கும், பள்ளி வயது வராத குழந்தைகளையும் 16 வயதைத் தாண்டியவர்களையும் சேர்த்தே, இந்தத் தொகையைக் கொடுத்தால் மொத்தம் 21.5 கோடி பவுண்டு ஆகும். இல்லங்களுக்குப் போகும் 310 கோடியில் இது நூற்றுக்கு ஏழு. பராமரிப்புப் பிள்ளைகள் அனைவருக்குமான கல்வி உதவி, அவர்களில் ஒரு சிறு பகுதியினரின் தங்குமிடச் செலவில் பதினான்கில் ஒரு பங்குகூட இல்லை.

தங்குமிடப் பணம் முழுவதும் பிள்ளைக்கே போகிறதா என்றால் அதுவும் இல்லை. சந்தைப் போட்டிகளைக் கண்காணிக்கும் ஆணையம் 2022 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. பெரிய தனியார் நிறுவனங்கள் 2016 முதல் 2020 வரை சிறார் இல்லங்களில் சராசரி 22.6 சதவீதம் செயல்பாட்டு லாபம் எடுத்தன. அந்தக் காலத்தின் முடிவில் சராசரிக் கட்டணம் வாரத்துக்கு 3,830 பவுண்டு. அந்த விகிதத்தில் வார லாபம் சுமார் 866, ஆண்டுக்கு 45,000. 2020-21-இல் ஒரு பிள்ளைக்கான கூடுதல் கல்விப் பணம் 2,345. ஒரு கட்டிலிலிருந்து வரும் லாபத்தில் பத்தொன்பது பிள்ளைகளின் ஓராண்டுக் கல்வி உதவி அடங்கியிருந்தது.

அதே அறிக்கையில், தனியார் முகமைகள் வழியாக வளர்ப்புக் குடும்பத்தில் வைக்க ஆகும் செலவு வாரத்துக்கு 820 பவுண்டு. இல்லக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். படிப்புக்கு உகந்த இடம் விலையிலும் குறைவு. எல்லாப் பிள்ளைகளையும் வளர்ப்புக் குடும்பத்தில் வைத்துவிட முடியாது. கடுமையான தேவை உள்ள சிலருக்குப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் கொண்ட இல்லமே சரி. ஆனால் குடும்பம் கிடைக்காததால் மட்டுமே இல்லத்துக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் இரு பக்கத்திலும் நட்டம்.

என்ன வாங்கலாம்?

பெரிய தொகைகளைச் சிறிய காரியங்களாக மாற்றிப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

தனிப்பயிற்சி ஆசிரியருக்கு மணிக்கு 30 பவுண்டு என்று வைத்தால், 2,570 பவுண்டில் 85 மணி நேரம் கிடைக்கும். 38 பள்ளி வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம். நான்கு ஆண்டு பின்தங்கிய பிள்ளைக்கு அது தொடக்கம்தான்; ஆனால் வீணல்ல. இந்தத் தொகையை இரட்டிப்பாக்க ஆகும் செலவு இல்லத்தில் இன்னும் மூன்று நாள்.

தங்குமிடம் மாறிய பிள்ளையைப் பழைய பள்ளிக்கே காரில் அழைத்துப்போய் அழைத்துவர நாளுக்கு 60 பவுண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 190 நாளுக்கு 11,400. இல்லச் செலவில் பதின்மூன்று நாள். பத்தாம், பதினோராம் ஆண்டு இரண்டுக்கும் சேர்த்து இருபத்தாறு நாள். ஐந்து தர நிலை இழப்போடு தொடர்புடைய ஒரு நிகழ்வைத் தவிர்க்க அதுதான் விலை. இதைச் செலவு என்று சொல்லித் தட்டிக்கழிக்க எந்த மன்றத்துக்கும் முகம் இருக்கக் கூடாது.

பதினெட்டுக்குப் பின்

18 வயதில் பராமரிப்பு சட்டப்படி முடிகிறது. பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஏ லெவல் தேர்வு நடப்பது கோடையில். செப்டம்பரில் பிறந்த பிள்ளைக்குத் தேர்வுக்கு எட்டு மாதத்துக்கு முன்பே 18 ஆகிவிடும். வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவர்கள், இரு தரப்பும் விரும்பினால், 21 வயதுவரை அங்கேயே தங்கலாம் என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. இல்லத்தில் வளர்ந்தவருக்கு அதே கட்டிலில் இருக்கும் உரிமை கிடைக்கவில்லை.

விளைவு எண்ணில் தெரிகிறது. பராமரிப்பிலிருந்து வந்தவர்களில் 23 வயதுக்குள் உயர்கல்விக்குச் சென்றவர்கள் நூற்றுக்கு 12 பேர். மற்றவர்களில் 42 பேர். நீல் ஹாரிசன் 2017-இல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு இது. சேர்ந்தவர்களிலும், ஒத்த பின்னணியும் மதிப்பெண்ணும் உள்ள பிறரைவிட இவர்கள் பாதியில் நிற்கும் வாய்ப்பு 38 சதவீதம் கூடுதல். 19 முதல் 21 வயதில் படிப்போ வேலையோ பயிற்சியோ இல்லாமல் இருப்போர் இவர்களில் பத்துக்கு நால்வர் அளவில்.

இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் செல்லும் இத்தகைய மாணவருக்கு உள்ளாட்சி மன்றம் கட்டாயம் தர வேண்டிய உதவித்தொகை 2,000 பவுண்டு. படிப்பு முழுவதற்கும் ஒரே முறை. எல்லா மாணவருக்குமான கல்விக் கடன் தனி. பக்கத்தில் உள்ள ஸ்காட்லாந்து 2018-19-இல் பராமரிப்பில் வளர்ந்த மாணவருக்குத் திருப்பிச் செலுத்த வேண்டாத உதவித்தொகையை ஆண்டுக்கு 8,100 பவுண்டாக உயர்த்தியது. நான்கு ஆண்டுப் படிப்புக்கு 32,400. இங்கிலாந்தின் இல்லக் கணக்கில் அது முப்பத்தேழு நாள்.

இதைச் செய்யாமல் விட்டால் செலவு மிச்சமாகிவிடாது. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் நீதித்துறை அமைச்சகம் எடுத்த கணக்கெடுப்பில், கைதிகளில் 24 சதவீதத்தினர் சிறு வயதில் ஏதோ ஒரு காலத்தில் பராமரிப்பில் இருந்ததாகச் சொன்னார்கள். ஜாஷ் மெக்அலிஸ்டர் தலைமையில் 2022 மே மாதம் வெளியான சுயேச்சையான ஆய்வறிக்கை, மாற்றம் செய்யாவிட்டால் 2032-க்குள் பராமரிப்புப் பிள்ளைகள் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆவார்கள், ஆண்டுச் செலவு 1,000 கோடியிலிருந்து 1,500 கோடி பவுண்டாகும் என்று எச்சரித்தது. மாற்றத்துக்கு அது கேட்ட தொகை 260 கோடி.

ஐந்தொகை

பிரிஸ்டலைச் சேர்ந்த சோனியா ஜாக்சன் பராமரிப்புப் பிள்ளைகளின் கல்வி புறக்கணிக்கப்படுவதை 1987-இலேயே எழுதிக் காட்டினார். 2001-02-இல் இவர்களில் நூற்றுக்கு 8 பேர்தான் ஐந்து பாடங்களில் நல்ல தேர்ச்சி பெற்றார்கள். பொதுவில் பாதிப் பேர் பெற்றார்கள். அதன் பிறகு சட்டங்கள் வந்தன, பொறுப்பாளர்கள் வந்தார்கள், தனி நிதி வந்தது. இவை அனைத்தும் நல்லவை, இன்னும் வேண்டியவை. ஆனால் பிள்ளை பள்ளியை விட்டுப் போய்க்கொண்டே இருந்தால், பள்ளிக்குள் கொடுக்கும் எந்த உதவியும் ஒட்டாது.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. தேர்வுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில், பிள்ளையின் பாதுகாப்புக்கு ஆபத்து இருந்தாலன்றி, எந்தப் பிள்ளையின் பள்ளியையும் மாற்றக் கூடாது. பயணச் செலவை மன்றம் ஏற்க வேண்டும். இல்லங்களுக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கை வளர்ப்புக் குடும்பங்களைத் தேடவும், தாங்கவும், அவர்களுக்கு நியாயமான தொகை கொடுக்கவும் திருப்ப வேண்டும். 18 வயது என்ற தேதியைக் கொண்டு படிப்பை வெட்டக் கூடாது. எங்கே வளர்ந்தாலும், எடுத்த படிப்பு முடியும்வரை கூரையும் துணையும் தொடர வேண்டும்.

பெற்றோரின் இடத்தில் அமர்ந்த அரசுக்குப் பெற்றோரின் அளவுகோல்தான் பொருந்தும். தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது தன் பிள்ளையை வேறு ஊருக்கு மாற்ற எந்தத் தாயும் தகப்பனும் மனமொப்ப மாட்டார்கள். ஆண்டுக்கு மூன்று லட்சம் பவுண்டு கொடுத்து அதைச் செய்யும் அமைப்பு, செலவை எவ்வளவு பெருக்கினாலும் தன் கடமையில் தோற்றுக்கொண்டுதான் இருக்கும்.